மைக்கில் நான் கண்டுபிடித்த மருந்து

என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவில், அதாவது கூலி வீட்டு வரிசையின் ஒற்றை அறையில், பிறந்தவன் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. வெலிமடையில் லீக்ஸ் மூட்டை தூக்கினேன், பிறகு மூட்டை வாங்கி விற்றேன், பிறகு மூட்டை ஏற்றுகிற லொறியையே வாங்கினேன். இன்றைக்குப் பதுளை டவுனில் மரக்கறி மொத்தக் கடையும் மாடி வீடும் இருக்கின்றன. எவரும் தூக்கிக் கொடுத்ததில்லை. ஒரு உருளைக்கிழங்கைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தால் எந்த ஊர் மண் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறெதற்கு? உழைத்தவன் சொல்லாமல் யார் சொல்வது?

ஆனால் இப்போது எழுதப்போவது சொல்லவே கூசுகிற விஷயம். போன வருஷத்துத் திருவிழாவில் நான் மைக்கில் ஒரு பேச்சுப் பேசினேன். அதை நம்பி ஒரு மனுஷன், ஈரலில் கட்டியை வைத்துக்கொண்டு, ஆப்பரேஷனுக்குப் போகாமல் காம்பராவிலேயே படுத்துவிட்டான். அவன் எனக்கு அந்நியன் இல்லை. அடுத்த காம்பராவில் பிறந்தவன், மச்சான் முறை. நான் தோட்டத்தை விட்டு ஓடினேன், அவன் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று ஓய்வு பெற்றான்.

முதலில் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போடுவார்கள். ஊசி போடுகிற டொக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் ஈரல் புற்றுநோயைப் பற்றி ஆராய்கிறாள். கடைக்கு வருகிறவர்கள், “முதலாளி, மகள்கிட்டக் கேட்டு என் முட்டி வலிக்கு ஒரு மாத்திரை சொல்லுங்க” என்பார்கள். “கேட்டுச் சொல்றேன்” என்பேன். ஒரு நாளும் திருத்தியதில்லை. திருத்தினால் டொக்டர் குறைந்துபோய்விடும் மாதிரி ஒரு பயம்.

திருவிழாவுக்கு முதல் நாள் அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, நான் என்ன வேலை செய்றேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“ஏன் தெரியாது? ஈரல் புற்றுநோய் ஆராய்ச்சி.”

“சரி, அதுல என்ன?”

“அதுல… அதான். ஆராய்ச்சி.”

அவள் சிரித்துவிட்டாள். நான் கோபப்படுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கலம். வீடு முழுக்கச் செங்கல் இருக்கிற மாதிரி. ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் இன்னது செய், இன்னது செய்யாதேன்னு பெரிய எழுத்து ஒண்ணு இருக்கு. அந்த எழுத்துல வேண்டிய துண்டை மட்டும் பிரதி எடுக்கும். அந்தப் பிரதிக்குத்தான் ஆர்.என்.ஏ.ன்னு பேரு. அதை வச்சுப் புரதம் செய்யும். வேலை பாக்குறது புரதம். இதுவரைக்கும் வெளங்குதா?”

“சொல்லு.”

“ஆனா எடுக்கிற பிரதியில நெறைய, புரதமே செய்யாது. நீள நீளமா நூல் மாதிரி சும்மா கெடக்கும். ரொம்பக் காலமா அதெல்லாம் குப்பைன்னுதான் நெனச்சாங்க.”

“ஒண்ணும் செய்யாததை உடம்பு எதுக்கு வச்சுக்கிட்டுச் சோறு போடுது?”

“அப்படிக் கேளுங்க! தோட்டத்துல கங்காணி கொழுந்து பறிப்பாரா?”

“அவன் எதுக்குப் பறிக்கப் போறான்?”

“தராசுல பாத்தா அவர் பேர்ல ஒரு கிலோ கொழுந்து கெடையாது. அப்போ அவர் குப்பையா? காலையில பெரட்டுக் களத்துல ஆளுகளைக் கூட்டி, யாரு எந்த மலைக்குப் போறதுன்னு அவர் சத்தம் போட்டாத்தானே வேலை நடக்கும்? இந்த நூலுகளும் அப்படித்தான். தானா எதையும் செய்யாது. எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு ஏவும். ஈரல்ல புற்றுநோய் வர்றப்போ சில நூலுக்குச் சத்தம் கூடிப்போகுது. வளரு, பெருகு, சாகாதேன்னு கத்துது. போதும் நிறுத்துன்னு சொல்ல வேண்டிய சிலது வாயை மூடிக்குது. நான் அதுல ஒரே ஒரு நூலைத்தான் பாக்குறேன்.”

“பாத்து?”

“கண்ணாடித் தட்டுல புற்றுநோய்க் கலத்தை வளர்ப்போம். அதுல அந்த நூலை அடக்கிப் பாத்தோம். கலம் பெருகுறது கொறஞ்சுச்சு.”

“கொறஞ்சுச்சா!” நான் மேசையில் தட்டினேன்.

“அப்பா, தட்டுல. மனுசருக்கு இல்ல. எலிக்குக்கூட இன்னும் போகல. அடக்கினா ஈரலுக்கு வேற என்ன கெடுதல் வரும்னும் தெரியாது. மருந்து கிருந்து எல்லாம் ரொம்ப தூரம். ஒருவேளை ஒண்ணுமே வராது.”

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அவள் சொன்னது எல்லாம் கேட்டது. தட்டும் கேட்டது, எலியும் கேட்டது. ஆனால் மரக்கறி வியாபாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. மூட்டை கட்டும்போது திரண்ட கரட்டை மேலே அடுக்குவோம். சூம்பினது, வெடித்தது எல்லாம் அடியில் கிடக்கும். வாங்குகிறவனுக்கும் அது தெரியும், அதனால் அவன் கையை அடிவரை விட்டுப் பார்ப்பான். மகள் சொன்னதையும் நான் அப்படித்தான் மூட்டை கட்டினேன். கையை விட்டுப் பார்க்கத் தெரியாதவர்கள் வாங்கினார்கள்.

மறுநாள் திருவிழாவில் என் உபயம். பூசைச் செலவு, அன்னதானம், மேளம் எல்லாம் என்னுடையது. எங்கள் தோட்டத்துக் கோயிலில் உபயகாரருக்குத் தலையில் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, மைக்கில் நாலு வார்த்தை பேசச் சொல்வார்கள். ஸ்பீக்கரை மரத்தின் மேலே, மலையைப் பார்க்கத் திருப்பிக் கட்டியிருப்பார்கள். நடக்க முடியாமல் லயத்தில் கிடக்கிறவர்களும் சாமி பாட்டுக் கேட்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. எல்லா உபயகாரரும் “எல்லாரும் நல்லா இருக்கணும்” என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள். நான் மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

“இதே லயத்துலதான் பொறந்தேன். அஞ்சாம் வகுப்புத்தான் படிச்சேன். இன்னைக்கு, உலகமே தேடிக்கிட்டிருக்கிற ஈரல் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிச்சிருக்கு! யாரு? என் மகள்! இந்த லயத்து ரத்தம்!”

கை தட்டினார்கள். மேளக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் ஒரு அடி அடித்தார்கள். பெண்கள் பக்கம் பார்த்தேன். எல்லாத் தலையும் என் மகளைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் மட்டும் குனிந்து செருப்பில்லாத தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். வெட்கம் யாரைப் பார்த்து என்றுதான் தெரியவில்லை.

வேனில் திரும்பும்போது, பேராகலை தாண்டியதும் மகள் சொன்னாள்.

“திருப்புங்க அப்பா. போய் அது இல்லன்னு சொல்லிட்டு வாங்க.”

“சும்மா இரு புள்ள. திருவிழாவுல பேசுறதை யாரு நெஞ்சுல வச்சுக்கப்போறா?”

“நோயாளி வச்சுக்குவான்.”

“நம்ம லயத்துல எவனுக்கு ஈரல் நோவு? குடிகாரன் ரெண்டு பேரு இருக்கானுங்க, அவனுங்களுக்கு மருந்தே கசிப்புத்தான்.”

நானே சிரித்தேன். டிரைவரும் சிரித்தான். அவள் கண்ணாடி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் மைக்கில் பேசிய நேரத்தில் என் மச்சான் லயத்துக் காம்பராவில் பாயில் படுத்திருந்தான். ஸ்பீக்கர் அவன் ஜன்னலுக்கு நேரே இருந்தது. இது எனக்குப் பிறகுதான் தெரியும். அவனுக்கு ஈரலில் கட்டி இருப்பதே எவருக்கும் தெரியாது. புருஷனும் பெண்சாதியுமாக மூடி மறைத்து வைத்திருந்தார்கள். ஏன் என்றால், எங்கள் பக்கத்தில் ஈரல் என்று வாயைத் திறந்தால் அடுத்த வார்த்தை குடி. நானே வேனில் அப்படித்தானே பேசினேன்? என் மச்சான் வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டதில்லை. சாவு வீட்டில்கூடத் தேத்தண்ணிதான் குடிப்பான். சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், இருந்தது, ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தது, அதிலிருந்து வந்த வினை என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். குடிக்காதவனுக்கும் இது வரும். அதை ஊருக்கு யார் விளக்குவது? கொழும்புக்குக் கிளினிக் போகிற நாட்களில், மகன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்களாம்.

திருவிழா முடிந்து கொஞ்ச நாளில் மச்சானின் மனைவி என் கடைக்கு வந்தாள். அவளுக்கு நான் அண்ணன் முறை. மழை நாள். வெலிமடையிலிருந்து லொறி வந்து நின்றது, இறக்குகிற நேரம். வாங்க வந்த கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் உள்ளே நின்றார்கள். அவள் குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தாள். வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம். தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

எங்கள் ஆட்களிடம் வெற்றிலைத் தட்டு நீட்டினால் அது பெரிய காரியம். கல்யாணம் பேச, பகை தீர்க்க, உயிர் போகிற உதவி கேட்கத்தான் தட்டு வரும். கேட்கப்போவதைச் சொல்வதற்கு முன்னாலேயே தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்தால், ‘முடிந்ததைச் செய்வேன்’ என்று வாக்குக் கொடுத்த மாதிரி. விஷயம் தெரிந்தவன், “முதல்ல சொல்லுங்க” என்று தட்டைத் தொடாமல் நிற்பான். ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மனுஷன் ஒருவன் தட்டைப் பார்த்துப் பின்வாங்கலாமா? எடுத்துவிட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அண்ணே, உங்க மச்சானுக்கு ஈரல்ல கட்டி. ஒருத்தர்கிட்டயும் சொல்லலண்ணே. குடிச்சான்னுதானே சொல்லுவாங்க.”

எனக்கு வெற்றிலை கையிலேயே இருந்தது.

“கொழும்புல வெட்டி எடுக்கிறதுக்குத் தேதி குடுத்துட்டாங்க. ஒரு கட்டிதான், இப்பவே வெட்டினா நல்லதுங்கிறாரு டொக்டர். இந்த மனுசன் போக மாட்டேங்கிறாரு. ‘மச்சான் மக மருந்து வச்சிருக்கையில என் வயித்தை எதுக்குக் கிழிக்கணும்?’னு கேக்குறாரு. அந்த மருந்து கொஞ்சம் கெடைக்குமாண்ணே?”

பக்கத்தில் நின்ற ஒரு கடைக்காரனுக்குக் கடைசி வார்த்தை விழுந்துவிட்டது.

“மருந்தா? அட, முதலாளி மகளோட மருந்தா! பண்டாரவளை வரைக்கும் பேசிக்கிறாங்களே!”

“முதலாளிக்கு என்னா குறைச்சல், இனி மரக்கறி எதுக்கு!” என்றான் இன்னொருவன்.

சொல்ல வேண்டியது ஒரே வசனம். ‘மருந்து இல்லை தங்கச்சி, ஆப்பரேஷனுக்குக் கூட்டிக்கிட்டுப் போ.’ இதைச் சொல்ல என்ன படிப்பு வேண்டும்? அவளை வெளியே கூப்பிட்டு லொறிக்குப் பின்னால் வைத்தாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“மகள்கிட்டப் பேசுறேன்.”

“அப்போ கொழும்புக்கு வேண்டாம்னு சொல்லிரவா?”

“பேசிட்டுச் சொல்றேன் தங்கச்சி. பொறு.”

அவள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. நான் ஒரு பை நிறைய லீக்ஸும் கரட்டும் போட்டுக் கொடுத்தேன். நல்லதாகப் பார்த்துத்தான் போட்டேன்.

மகளிடம் பேசவில்லை. இன்றைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று இருந்தேன். உருளைக்கிழங்கு வரத்து அதிகம், மூச்சு விட நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தங்கச்சி எனக்குப் போன் எடுத்தாள். பெயரைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். திரும்பவும் எடுத்தாள். திரும்பவும் கவிழ்த்தேன். கடன்காரனுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

கடைசியில் ஒரு காலையில் அவளே கடைப் பையனின் போனுக்கு எடுத்து, என்னைக் கூப்பிடச் சொன்னாள். தேதி போய்விட்டது என்றாள். “பரவாயில்லண்ணே, நீங்க பொறுன்னு சொன்னீங்கதானே, அதான் இருந்துட்டோம்” என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அன்றைக்குத்தான் மகளுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் வெற்றிலை எடுத்ததையும் சொன்னேன். போன் வெட்டிவிட்டதோ என்று “ஹலோ, ஹலோ” என்றேன்.

“இருக்கேன்” என்றாள். “ஸ்கேன் ரிப்போர்ட்டை எல்லாம் படம் புடிச்சு அனுப்பச் சொல்லுங்க. புதுத் தேதிக்கு நான் தெரிஞ்சவங்ககிட்டக் கேக்குறேன். நீங்க நாளைக்கே போங்க.”

“நீ ஒரு வார்த்தை போன்ல சொல்லிரேன் புள்ள. நீ படிச்சவ, நீ சொன்னா கேப்பான்.”

“நான் இல்லன்னு சொன்னா என்ன நெனைப்பாங்க? மருந்தைப் பெரிய எடத்து ஆளுகளுக்கு ஒளிச்சு வச்சிருக்கா, லயத்து ஆளுன்னா தரமாட்டேங்கிறான்னு நெனைப்பாங்க. இருக்குன்னு சொன்னது நீங்க. இல்லன்னும் நீங்கதான் சொல்லணும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “சுத்தி வளைக்காதீங்க அப்பா” என்றாள்.

என் மகள் என்னிடம் அப்படிப் பேசுவது அதுதான் முதல் தடவை. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனேன்.

லயத்து வாசலில் வேன் நின்றதுமே ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் போனால் கூடத்தான் செய்வார்கள், முன்பெல்லாம் அது எனக்குப் பிடிக்கும். மச்சான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கண்ணில் இலேசாக மஞ்சள். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

“வாடா பெரிய மனுசா. கையை வீசிக்கிட்டு வர்ற? மருந்து வேன்ல இருக்கா?”

“மச்சான், அது வந்து, கொஞ்சம் நாளாகும்.”

“ஆகட்டுமே. நான் எங்க ஓடப்போறேன்?”

“வருசக்கணக்குல ஆகும்டா.”

“மத்தவங்களுக்கு ஆகும். வீட்டு ஆளுக்குக் கொஞ்சம் முன்னாடி எடுக்க முடியாதா? பரிசோதனைக்கு ஆளு வேணும்னா என்னைப் போடச் சொல்லு. ஸ்டோர்ல புது மெஷின் வந்தாலும் மொதல்ல என்னைத்தான் நிறுத்துவாங்க.”

அவனுடைய வழக்கமான கேலி என்று நினைத்து வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சுற்றி வளைக்க வளைக்க அவன் நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. ‘நாளாகும்’ என்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மகள் எதற்காக அப்படிச் சொன்னாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

“மச்சான்” என்றேன். “மருந்து இல்லடா.”

“என்னது?”

“மருந்தே இல்ல. கண்டுபிடிக்கல. மைக்ல நான் சொன்னது பொய்.”

அவன் சிரிப்பு முகத்திலேயே நின்றது. அவனுக்கு இன்னும் விளங்கவில்லை.

“அப்போ உன் மக என்னதான் செய்றா?”

வாசலில் ஊரே நின்றது. பொய் சொன்னேன் என்பதைக்கூடச் சொல்லிவிட்டேன், அடுத்ததைச் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“எனக்குச் சரியாத் தெரியாதுடா. ஈரல்ல நோய் எப்படி வருதுன்னு பாக்குறா. என்னமோ நூல் மாதிரி ஒண்ணு, அது தப்பா ஏவி விடுதாம், அதனால கலம் கண்டபடி பெருகுதாம். கண்ணாடித் தட்டுலதான் பாத்திருக்கா. எலிக்குக்கூடக் குடுக்கல. அவ அன்னைக்கே சொன்னா. நான்தான் பெருசா…”

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. வாசலில் நின்ற ஒரு கிழவி, “ஈரலா? இவருக்கா?” என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். அப்போதுதான் இன்னொன்றும் எனக்குத் தெரிந்தது. அவர்கள் இத்தனை நாள் மூடி வைத்ததை நான் ஊர் முன்னால் போட்டு உடைத்திருக்கிறேன். நல்லது செய்யப் போன இடத்திலும் ஒரு கெடுதல்.

தங்கச்சி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

“அண்ணே,” என்றாள், “இதைக் கடையிலயே வச்சுச் சொல்லியிருக்கலாமே.”

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. உள்ளே போய்விட்டாள். எனக்குத் தேத்தண்ணி வரவில்லை. அந்த வீட்டில் நான் உட்கார்ந்து தேத்தண்ணி வராமல் போனது அதற்கு முன்னால் கிடையாது.

மச்சான் என் பக்கம் திரும்பினான்.

“சின்ன வயசுல ஒரு தடவை, துரை பங்களாவுல உனக்குக் கேக் குடுத்தாங்கன்னு சொன்னியே.”

“ஆமா.”

“அதுவும் பொய்தானே?”

“ஆமா.”

“நான் அன்னைக்கும் நம்பினேன்டா.”

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வாசலில் நின்றவர்களுக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு அவன் சிரித்தது அடித்த மாதிரி இருந்தது. அடித்திருந்தால் திருப்பி ஏதாவது பேசியிருப்பேன்.

அடுத்த கிழமையே கொழும்புக்குக் கூட்டிப் போனேன். என் வேனில்தான். வழி நெடுக அவன் தூங்கினான். தங்கச்சி பின் சீட்டில் ரிப்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினேன். நான் வாங்கிக் கொடுத்ததை அவள் தொடவில்லை, வீட்டிலிருந்து கட்டி வந்த ரொட்டியைப் பிரித்தாள்.

திரும்பவும் ஸ்கேன் எடுத்தார்கள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கட்டி இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் போய்விட்டது, இப்போது வெட்டுவது ஆபத்து என்றார். வேறு வழி இருக்கிறது, காலில் இருந்து குழாய் விட்டு, கட்டிக்குப் போகிற இரத்தத்தை அடைத்து, அங்கேயே மருந்தை விடலாம், கட்டி சுருங்கினால் பிறகு பார்க்கலாம் என்றார்.

நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“முதல் தேதிக்கே வந்திருந்தா வெட்டியிருக்கலாமா, டொக்டர்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வெட்டியிருக்கலாம். அன்றைக்கு வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடியும் இருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது.”

யாராலும் சொல்ல முடியாது என்றால் என் குற்றம் இல்லை என்று அர்த்தமா? வேறொருவன் விஷயம் என்றால் நான் அப்படித்தான் வாதாடியிருப்பேன். வாதாடுவதில் என்னை ஜெயித்தவன் பதுளைச் சந்தையில் இல்லை. ஆனால் மச்சான் விஷயத்தில் அந்த வாதம் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது. ஒரு தடவை மகளிடம் கேட்டேன், நீ சொல்கிற அந்த நூலுகள்தான் அவன் கட்டியை அதற்குள் வளர்த்துவிட்டதா என்று. “இருக்கலாம் அப்பா, அவர் கட்டியைப் பாக்காம எனக்குத் தெரியாது” என்றாள். தெரியாது என்று சொல்வது அவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது!

இப்போதெல்லாம் கிளினிக் நாளில் நான்தான் வேனை எடுக்கிறேன். டிரைவரை அனுப்புவதில்லை. மருந்து ஒரு தடவை விட்டாயிற்று. கட்டி சுருங்கவில்லை, வளரவும் இல்லை என்கிறார்கள். மச்சான் எலும்பும் தோலுமாக இருக்கிறான், ஆனால் வாய் குறையவில்லை. தங்கச்சி என்னிடம் வேண்டியதைப் பேசுவாள், அதற்கு மேல் இல்லை. லயத்தில் சிலர் அவன் இரகசியமாகக் குடித்தவன்தான் என்று பேசுவதாகக் கேள்வி. அதைக் கேட்டு நான் சண்டைக்குப் போனேன். மச்சான் தடுத்துவிட்டான். “நீ எனக்காகப் பேசாதே” என்றான். ‘பேசாதே’ என்பதை அழுத்தித்தான் சொன்னான்.

போன மாதம் கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு சிங்களப் பிள்ளை வந்து எங்கள் பக்கத்தில் குந்தினாள். ஆராய்ச்சிக்காகக் கொஞ்சம் இரத்தம் எடுக்கலாமா என்று தமிழைத் தட்டித் தடவிக் கேட்டாள்.

“என்னத்தைப் பாக்கப் போறீங்க?” என்றான் மச்சான்.

அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். இரத்தத்திலும் நீளமான ஆர்.என்.ஏ. ஓடுகிறதாம், புரதம் செய்யாத ஆர்.என்.ஏ. ஈரலில் புற்றுநோய் இருக்கிறவர்களுக்கு அதில் சிலது கூடுகிறதா, குறைகிறதா என்று பார்க்கிறார்களாம். சரியாக வந்தால் பிற்காலத்தில் நோயை ஆரம்பத்திலேயே பிடிக்கலாமாம். வராமலும் போகலாமாம்.

“இதுல எனக்கு என்ன கெடைக்கும்?”

“உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது, ஐயா” என்றாள் அவள். முகத்தை நேரே பார்த்துச் சொன்னாள். “விருப்பம் இல்லாட்டி வேண்டாம். உங்க வைத்தியத்துக்கு அதனால ஒரு குறையும் வராது.”

மச்சான் சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கினான். தங்கச்சி அவன் தோளைத் தொட்டாள். “இருக்கட்டும், எடுக்கட்டும்” என்றான்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? நாற்பது வருஷமாகப் பேசிப் பழகின வாய்.

“என் மகளும் இந்த ஆராய்ச்சிதான் செய்றா” என்றேன். “ஈரல் புற்றுநோய். இதே நூல்தான்.”

அந்தப் பிள்ளை ஆவலாக நிமிர்ந்து பார்த்தாள். மச்சானும் பார்த்தான். சுருட்டின கையை அப்படியே நிறுத்திக்கொண்டு, என்னைப் பார்த்தபடி இருந்தான். வரிசையில் உட்கார்ந்திருந்த இன்னும் சிலரும் திரும்பினார்கள். எல்லாரும் ஈரல் நோயாளிகள்.

“மருந்து ஒண்ணும் கண்டுபிடிக்கல” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன், கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி. “இன்னும் ஒண்ணும் கண்டுபிடிக்கல.”

“நாங்களும் இன்னும் இல்ல” என்றாள் அந்தப் பிள்ளை, ஊசியைப் பிரித்துக்கொண்டே.